குளிர்மலை வீட்டுக்குள் செடி வளர்ப்பவர்களுக்கு: பூச்சியைப் பூச்சியால் அடக்குவது பற்றிய கேள்வி பதில்

குன்னூரில் எங்கள் வீட்டின் முன்பக்கம் ஒரு கண்ணாடி வராந்தா இருக்கிறது. பிகோனியா, ஃபூஷியா, ஜெரேனியம், ஆர்க்கிட், பெரணி என்று அதில் அறுபது தொட்டிகளுக்கு மேல் வைத்திருக்கிறோம். வராந்தாவுக்கும் சமையலறைக்கும் நடுவில் கதவு கிடையாது. செடிக்கு அடிக்கும் எதுவும் எங்கள் மூச்சுக்கும் சாப்பாட்டுக்கும் வந்து சேரும். கடை மருந்தை நான் விட்டதற்கு இதுதான் காரணம். ஊட்டி, கோத்தகிரி, கொடைக்கானல் பக்கம் செடி வளர்க்கும் நண்பர்கள் திரும்பத் திரும்பக் கேட்டவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். சமவெளிக்குச் சொல்லப்படும் யோசனைகளில் பல நம் குளிரில் அப்படியே எடுபடுவதில்லை. அந்த இடங்களில் கொஞ்சம் கூடுதலாகவே நின்று பேசியிருக்கிறேன்.

நாங்கள் ஜன்னலே திறப்பதில்லை. பிறகு பூச்சி எங்கிருந்து வருகிறது?

பெரும்பாலும் நாமேதான் கொண்டுவருகிறோம். மே மாத மலர்க் கண்காட்சி சமயத்தில் ஆசைப்பட்டு வாங்கும் செடி, சரியாக மக்காத எரு, தோட்டத்தில் பறித்து ஜாடியில் வைத்த பூ, தோட்ட வேலை முடித்துவிட்டு அப்படியே உள்ளே வரும் நம் ஸ்வெட்டர் எல்லாமே வழிதான். வெளியே இருக்கும் செடியை மழை கழுவிவிடுகிறது, காற்று உதறிவிடுகிறது, பொறிவண்டும் குருவியும் தின்று குறைக்கின்றன. வீட்டுக்குள் இந்த மூன்றும் இல்லை. அசுவினிக்கு இணை சேரவே வேண்டாம், நேரடியாகக் குட்டி போடும். ஒன்று வந்தால் சில வாரத்தில் தளிர் முழுக்க அப்பிக்கொள்ளும்.

அதனால் புதிதாக வரும் எந்தச் செடியையும் மூன்று வாரம் தனி அறையில் வையுங்கள். என் அனுபவத்தில் இந்த ஒரு பழக்கத்துக்கு ஈடான மருந்து எதுவும் இல்லை. நர்சரிக்காரரிடம் என்ன மருந்து அடித்தார்கள் என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். இமிடாகுளோப்ரிட் போல வேர் வழியாகச் சாறில் ஏறும் மருந்து போட்டிருந்தால் அது செடிக்குள் பல வாரங்கள் தங்கும். அந்தச் செடியில் விடும் நன்மை செய்யும் பூச்சிகளும் அதில் சாகும்.

எந்தப் பூச்சி என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பத்து மடங்கு பெரிதாக்கும் ஒரு கைலென்ஸ் வாங்கிக்கொள்ளுங்கள். இலையின் மேல்பக்கத்தைப் பார்த்தால் போதாது, திருப்பிப் பார்க்க வேண்டும்.

இலைக்காம்பு தண்டோடு சேரும் இடுக்கில் பஞ்சு ஒட்டியதுபோல் இருந்தால் மாவுப்பூச்சி. தண்டில் பழுப்புநிறச் சின்ன ஓடுகள் ஒட்டியிருந்து, நகத்தால் நெம்பினால் பெயர்ந்து வந்தால் செதில் பூச்சி. ஆர்க்கிட்டிலும் பெரணியிலும் இதை அதிகம் பார்க்கலாம். பெரணியில் மட்டும் ஒரு எச்சரிக்கை: இலையின் அடியில் ஒழுங்கான வரிசையில் இருக்கும் பழுப்புப் புள்ளிகள் அதன் விதைத்தூள் பைகள். அவற்றைச் செதில் பூச்சி என்று நினைத்துச் சுரண்டியவர்கள் எனக்குத் தெரிந்தே மூன்று பேர். தளிரில் கூட்டமாகப் பச்சையோ கறுப்போ இருந்தால் அசுவினி. தொட்டவுடன் வெள்ளைத் தூள் பறப்பதுபோல் கிளம்பினால் வெள்ளை ஈ. பூவிதழில் வெள்ளிக்கோடும், பக்கத்தில் மிளகுத்தூள் போன்ற கறுப்பு எச்சமும் தெரிந்தால் இலைப்பேன்.

செஞ்சிலந்தி எனப்படும் சிலந்திப்பேன்தான் கண்ணுக்கு லேசில் சிக்காது. இலை மங்கி, ஊசியால் குத்தியதுபோல் வெளிறியிருக்கும். ஒரு வெள்ளைத் தாளைக் கீழே பிடித்து இலையைத் தட்டுங்கள். மெதுவாக நகரும் புள்ளிகள் விழுந்தால் அவைதான். விறுவிறுவென்று ஓடும் புள்ளி ஒன்றிரண்டு தெரிந்தால் அவசரப்படாதீர்கள். அது பெரும்பாலும் செஞ்சிலந்தியைத் தின்னும் வேறு சிலந்திப்பேன்.

இலை பிசுபிசுவென்று இருந்து மேலே கரி பூசியதுபோல் படர்ந்தால், சாறு உறிஞ்சும் பூச்சி ஏதோ ஒன்று மேலே இருக்கிறது என்று பொருள். அந்தத் தேன்கழிவில்தான் கரும்பூஞ்சாணம் வளர்கிறது.

முதலில் என்ன செய்யலாம்?

தண்ணீர். குளியலறைக்குச் செடியைத் தூக்கிப்போய், தொட்டி மண்ணை ஒரு பாலிதீன் பையால் கட்டிவிட்டு, செடியைச் சாய்த்து இலையின் அடிப்பக்கம் படும்படி வெதுவெதுப்பான தண்ணீரை வேகமாக அடியுங்கள். அசுவினியும் செஞ்சிலந்தியும் பாதிக்கு மேல் போய்விடும். நாலு நாளைக்கு ஒருமுறை, மூன்று தடவை செய்தால் பல செடிகளுக்கு இதற்கு மேல் எதுவும் தேவைப்படாது. டிசம்பரில் காலை எட்டு மணிக்குப் பச்சைத் தண்ணீரில் செய்யாதீர்கள். பிகோனியாவுக்கு அது தாங்காது.

மாவுப்பூச்சிக்கு மருந்துக்கடையில் கிடைக்கும் சர்ஜிக்கல் ஸ்பிரிட்டைக் காது குடையும் பஞ்சில் தொட்டு ஒவ்வொன்றாக வைக்க வேண்டும். தொட்ட உடனே மெழுகு கரைந்து பூச்சி நிறம் மாறும். செதில் பூச்சியைப் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்து எடுத்துவிட்டு, பிறகு ஸ்பிரிட்டைத் தடவலாம்.

அடுத்தது சோப்பு. ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 கிராம் காதி சோப்பைச் சீவிக் கரைத்துத் தெளியுங்கள். பாத்திரம் கழுவும் ஜெல்லும் துணி பவுடரும் வேண்டாம், இலை கருகும். சோப்புக் கரைசல் பூச்சியின் உடம்பில் நேராகப் பட்டால்தான் வேலை செய்யும். காய்ந்த பிறகு அதற்குச் சக்தி இல்லை. இதை ஒரு குறையாகச் சொல்வார்கள், எனக்கு அதுதான் அதன் பெரிய நன்மை. இன்று சோப்பு அடித்து நாளை மறுநாள் பொறிவண்டு விட்டால் வண்டுக்கு ஒன்றும் ஆகாது. நம் மலைத் தண்ணீரில் சோப்பு நன்றாகக் கரைகிறது என்பதும் ஒரு வசதி. கீழே உப்புத் தண்ணீரில் அது திரிந்துவிடும்.

மென்மயிர் உள்ள ஆப்பிரிக்கன் வயலெட், மெல்லிய இலைப் பெரணி, சைக்ளமென் ஆகியவற்றில் முதலில் ஒரே ஒரு இலையில் தெளித்து இரண்டு நாள் பாருங்கள்.

வேப்பெண்ணெய் குளிரில் உறைந்து கட்டியாகிவிடுகிறது. கெட்டுவிட்டதா?

கெடவில்லை. தேங்காயெண்ணெய் மாதிரி வேப்பெண்ணெயும் குளிரில் இறுகும். பாட்டிலை வெந்நீர்ப் பாத்திரத்தில் பத்து நிமிடம் நிறுத்தி வையுங்கள், இளகிவிடும். அடுப்பில் நேராகச் சூடாக்கக் கூடாது. அதில் பூச்சியைத் தடுக்கும் பொருளான அசாடிராக்டின் அதிகச் சூட்டில் சிதையும்.

கலக்கும் விதம்தான் முக்கியம். வெறும் தண்ணீரில் எண்ணெயை ஊற்றினால் மேலே மிதக்கும், தெளிப்பானில் கடைசியாக வருவது முழு எண்ணெயாக வந்து இலையைச் சுடும். ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு கிராம் அல்லது இரண்டு கிராம் காதி சோப்பைக் கரைத்து, அதில் 5 மில்லி வேப்பெண்ணெய் விட்டு, பால்போல் வெளுக்கும்வரை குலுக்குங்கள். பிறகு மீதித் தண்ணீர் சேர்த்து ஒரு லிட்டராக்குங்கள். நம் ஊரில் தண்ணீர் சில்லென்று இருப்பதால் எண்ணெய் மறுபடி திரளும். அதனால் சேர்க்கும் தண்ணீரும் வெதுவெதுப்பாக இருக்கட்டும். கலந்ததை அன்றே தீர்த்துவிட வேண்டும். சாயங்காலம் செடியை வெளித் திண்ணைக்குக் கொண்டுபோய்த் தெளித்து, சொட்டுவது நின்ற பிறகு உள்ளே எடுங்கள். ஏழு முதல் பத்து நாள் இடைவெளியில் மூன்று தடவை.

வேப்பெண்ணெய் அடித்தவுடன் பூச்சி செத்து விழும் என்று எதிர்பார்க்காதீர்கள். அது பூச்சியைத் தின்னவிடாமல், தோலுரிக்கவிடாமல் செய்கிறது. இளம் பூச்சிகள் வளராமல் நின்றுபோகும். பலன் தெரிய இரண்டு வாரம் ஆகும். தெளித்த செடியில் இரண்டு வாரத்துக்கு நன்மை செய்யும் பூச்சிகளை விட வேண்டாம்.

வேப்ப இலைக் கரைசல் பற்றியும் கேட்கிறார்கள். இந்த உயரத்தில் வேம்பு வளர்வதில்லை. மேட்டுப்பாளையம் இறங்கும்போது ஒரு பை நிறைய இலை கொண்டுவந்து அரைத்துப் பார்த்திருக்கிறேன். எண்ணெய்க்கும் கொட்டைக் கரைசலுக்கும் இருக்கும் வீரியம் இலைக்கு இல்லை. இத்தனை தூரம் சுமந்து வர வேண்டியதில்லை.

புகையிலைத் தண்ணீர், நீலகிரித் தைலம், பஞ்சகவ்யா இவற்றை வீட்டுக்குள் அடிக்கலாமா?

புகையிலை வேண்டவே வேண்டாம். இயற்கையானது என்பதாலேயே பாதுகாப்பானது என்று ஆகாது. நிகோடின் தோல் வழியாகவும் மனித உடம்பில் ஏறும் கடும் விஷம். பொறிவண்டையும் கொல்லும். புகையிலையில் இருக்கும் தேமல் நோய் வைரஸ் பெட்டூனியா, தக்காளி, மிளகாய்ச் செடிகளுக்குப் பரவவும் வழி உண்டு.

தைலம் நம் ஊர்ச் சரக்கு. கற்பூர மரத்து வாசனைக்குச் சில பூச்சிகள் விலகுவதும் உண்மைதான். ஆனால் செடிமேல் தெளித்தால் இலை வெந்துபோகும், குறைத்துத் தெளித்தால் பூச்சி அசைவதில்லை. தரையைத் துடைக்கும் தண்ணீரில் சில சொட்டு விடுவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

பஞ்சகவ்யா செடிக்கு ஊட்டம். 3 சதவீதக் கரைசலை வெளியில் உள்ள செடிக்குத் தாராளமாகக் கொடுங்கள். மூடிய அறையில் அந்த வாசனை ஒரு வாரம் போகாது. கூடவே ஒன்று: ஊட்டம் அதிகமாகித் தளதளவென்று தளிர்விடும் செடியை அசுவினிக்கு மிகவும் பிடிக்கும்.

நன்மை செய்யும் பூச்சிகள் என்றால் எவை? வீட்டுக்குள் எதற்கு எது?

மாவுப்பூச்சிக்குக் கிரிப்டோலேமஸ் என்ற ஆஸ்திரேலியப் பொறிவண்டு. கருப்பழுப்பு உடம்பு, ஆரஞ்சு நிறத் தலை, மிளகைவிடச் சின்னது. வண்டும் தின்னும், அதன் புழுவும் தின்னும். இந்தப் புழுதான் எல்லாரையும் ஏமாற்றுகிறது. உடம்பு முழுக்க வெள்ளை மெழுகு நூல் தொங்க, பார்க்க ஒரு பெரிய மாவுப்பூச்சி போலவே இருக்கும். காசு கொடுத்து வாங்கி விட்ட புழுவை அடுத்த வாரம் ஸ்பிரிட் வைத்துக் கொல்கிறவர்கள் உண்டு. வித்தியாசம் எளிது: மாவுப்பூச்சி 3, 4 மில்லிமீட்டர்தான் இருக்கும், கிட்டத்தட்ட அசையாது. புழு அதைப்போல் மூன்று மடங்கு நீளம், தொட்டால் நகர்ந்து போகும்.

அசுவினி, இலைப்பேன், மாவுப்பூச்சிக் குஞ்சுகள் என்று கலந்து இருந்தால் கிரைசோபெர்லா எனப்படும் பச்சைக் கண்ணாடி இறக்கைப் பூச்சி. இதில் வேலை செய்வது புழு. முதலை மாதிரி உடம்பும் கொடுக்கு மாதிரித் தாடையும் கொண்டது. புழுப் பருவத்தில் நூற்றுக்கணக்கான அசுவினிகளை உறிஞ்சிவிடும். மற்றவற்றைவிட நம் குளிரைக் கொஞ்சம் தாங்குகிறது என்பதால் என் முதல் தேர்வு இதுதான்.

செஞ்சிலந்திக்கு நம் நாட்டிலேயே இருக்கும் நியோசீயுலஸ் லாஞ்சிஸ்பைனோசஸ் என்ற இரைவிழுங்கிச் சிலந்திப்பேன் நல்லது. கிடைப்பது அரிது. காற்று ஈரமாக இருந்தால்தான் இதன் முட்டை பொரியும்.

பிறகு ஒட்டுண்ணிக் குளவிகள். அசுவினிக் கூட்டத்தில் சில மட்டும் ஊதி, பழுப்புநிற முத்துப்போல் இறுகிக் கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். அவற்றுக்குள் குளவி வளர்கிறது. அந்த இலையைக் கிள்ளி எறியாதீர்கள். தோட்டத்து முட்டைக்கோஸ் இலையில் அப்படி ஒரு கூட்டம் கண்டால், இலையைப் பறித்து, உயிருள்ள அசுவினிகளைத் துடைத்துவிட்டு, வீட்டுக்குள் அசுவினி உள்ள செடியின் கீழே வையுங்கள். பைசா செலவில்லாத வழி. முட்டைக்கோஸ் அசுவினியைத் தாக்கும் குளவி ரோஜா அசுவினியைத் தொடாமலும் போகலாம். நஷ்டம் ஒன்றுமில்லை, வைத்துப் பாருங்கள்.

ட்ரைக்கோகிரம்மா அட்டை வாங்க வேண்டுமா என்று கேட்கிறார்கள். அது வண்ணத்துப்பூச்சி, அந்துப்பூச்சி முட்டைகளுக்கானது. வீட்டுச் செடிகளுக்குப் பயன் குறைவு.

ஒன்றைக் கவனியுங்கள்: எல்லாப் பொறிவண்டும் நண்பர் அல்ல. உருளைக்கிழங்கு, கத்தரி இலையைச் சுரண்டித் தின்னும் எபிலாக்னா வண்டும் அதே குடும்பம்தான். பளபளப்பில்லாமல், மெல்லிய மயிரோடு, நிறையப் புள்ளிகளோடு இருக்கும். மினுமினுப்பாக இருப்பது நண்பர்.

இதெல்லாம் புதிதாகக் கிளம்பிய மோகமா?

இல்லை. நம் மலைக்கு இதில் நீண்ட சரித்திரம் இருக்கிறது, நம்மில் பலருக்கு அது தெரியாது என்பதுதான் எனக்கு வருத்தம்.

கலிஃபோர்னியாவின் ஆரஞ்சுத் தோட்டங்களைப் பஞ்சுச் செதில் பூச்சி அழித்துக்கொண்டிருந்தபோது, 1888ல் ஆல்பர்ட் கோபெலே என்பவர் ஆஸ்திரேலியாவுக்குப் போய் ரொடோலியா என்ற சின்னப் பொறிவண்டைக் கண்டுபிடித்து அனுப்பினார். சில நூறு வண்டுகள்தான். அடுத்த ஆண்டே தோட்டங்கள் மீண்டன. அதே செதில் பூச்சி 1920களில் நீலகிரியில் சீகை எனப்படும் வாட்டில் மரங்களில் பெருகியது. அப்போது வெளிநாட்டிலிருந்து அதே ரொடோலியா வண்டு இங்கே வரவழைத்து விடப்பட்டு, பூச்சி அடங்கியது. இன்றும் சீகை மரப் பட்டையில் அந்த வெள்ளை முட்டைப் பைகளையும் அருகில் சிவப்பும் கறுப்புமான வண்டையும் காணலாம்.

அதற்கும் முன்னால் 1898ல், காபியைத் தாக்கிய பச்சைச் செதில் பூச்சிக்காகக் கிரிப்டோலேமஸ் ஆஸ்திரேலியாவிலிருந்து இந்தியா வந்தது. எதற்காக வந்ததோ அதில் அது பெரிதாகச் சாதிக்கவில்லை. ஆனால் மாவுப்பூச்சிகளைத் தின்று தென்னிந்தியாவில் நிலைத்துவிட்டது. இன்று நாம் வராந்தாவில் விடுவது அதன் வம்சம்தான்.

கண்ணாடிக் கூரைக்குள் இதைச் செய்யலாம் என்று தெரிந்ததும் பழைய கதைதான். 1926ல் இங்கிலாந்தில் கண்ணாடிக் கூடத்தில் தக்காளி வளர்த்த ஒருவர், வெள்ளை ஈயின் குஞ்சுகளில் சில கறுத்துக் கிடப்பதைக் கவனித்தார். அவற்றுக்குள் இருந்தது வெள்ளை ஈயைக் கொல்லும் என்கார்சியா என்ற ஒட்டுண்ணிக் குளவி. கீழே நம் கண்முன் நடந்ததும் உண்டு. 2008ல் கோவைப் பக்கம் தோன்றிய பப்பாளி மாவுப்பூச்சி பப்பாளி, மரவள்ளி, மல்பெரி எல்லாவற்றையும் நாசமாக்கியது. 2010ல் புவெர்ட்டோ ரிக்கோவிலிருந்து கொண்டுவந்த ஒட்டுண்ணிக் குளவிகளை விட்ட பிறகுதான் அடங்கியது.

எப்போது விட வேண்டும்? விட்ட வண்டுகள் எல்லாம் செத்துவிட்டன.

நம் ஊரில் எல்லாமே இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது. எனக்கும் இது நடந்தது. ஒரு டிசம்பரில் ஆர்க்கிட்டில் மாவுப்பூச்சி ஏறிவிட்டது என்று பதறி, கீழிருந்து கிரிப்டோலேமஸ் வரவழைத்து விட்டேன். மூன்றாம் நாள் பாதி வண்டுகள் ஜன்னல் கண்ணாடி ஓரத்தில் மல்லாந்து கிடந்தன, மீதி இலையடியில் அசையாமல் ஒடுங்கியிருந்தன. வராந்தாவில் இரவு 11 டிகிரி. அந்தக் குளிரில் அவற்றை விட்டது என் தவறு. அந்த உயிர்களுக்காக இன்றும் மனம் கனக்கிறது.

கிரிப்டோலேமஸ் 22 முதல் 28 டிகிரியில்தான் நன்றாகத் தின்னும், பெருகும். 16 டிகிரிக்குக் கீழே கிட்டத்தட்ட நின்றுவிடும். கண்ணாடி இறக்கைப் பூச்சியின் புழு இன்னும் கொஞ்சம் குளிரில் மெதுவாக வேலை செய்யும். ஆகவே ஒரு சாதாரண வெப்பமானி வாங்கிச் செடிகளுக்கு நடுவில் மாட்டி, பகலிலும் இரவிலும் ஒரு வாரம் பாருங்கள். பகலில் 20 டிகிரிக்கு மேல் சில மணி நேரமாவது வந்தால் விடலாம். வெயில் விழும் கண்ணாடி வராந்தாவில் மார்ச் முதல் மே வரை நல்ல காலம். செப்டம்பரிலும் ஒரு சின்ன இடைவெளி கிடைக்கும். குன்னூர், கோத்தகிரி, கொடைக்கானலில் அக்டோபருக்குப் பிறகு வடகிழக்கு மழையும் மேகமூட்டமும் வந்துவிடும்.

டிசம்பர், ஜனவரி உறைபனிக் காலத்தில் பூச்சிகளும் மெதுவாகத்தான் பெருகும். அந்த மாதங்களைத் தண்ணீர், ஸ்பிரிட், சோப்பு கொண்டு கடத்திவிடுங்கள். நன்மை செய்யும் பூச்சிகளுக்காக ஹீட்டர் போடலாமே என்பார்கள். ஹீட்டர் காற்றை உலர்த்தும், உலர்ந்த காற்றில் செஞ்சிலந்தி பெருகும். வேண்டாம்.

சரி, எப்படி விடுவது?

பூச்சி பிடிக்க மஞ்சள் ஒட்டும் அட்டைகள் மாட்டியிருந்தால் முதலில் அவற்றைக் கழற்றுங்கள். அவை நண்பனையும் பிடிக்கும். செடிமேல் லேசாகத் தண்ணீர் தெளித்து, இருட்டிய பிறகு விடுங்கள். பகலில் விட்டால் வண்டு வெளிச்சத்தை நோக்கிப் பறந்து கண்ணாடியில் மோதியே ஓய்ந்துபோகும். பழைய கொசுவலையில் ஒரு துண்டு வெட்டிச் செடியைத் தொட்டியோடு மூடிக் கட்டி, அதற்குள் விட்டால் ஒன்றும் வீணாகாது. ஒரு நடுத்தரச் செடிக்கு நான் 3 முதல் 5 வண்டு விடுவேன். வலையை ஒரு வாரம் கழித்து எடுக்கலாம். அதற்குள் முட்டை வைத்திருக்கும்.

கண்ணாடி இறக்கைப் பூச்சி முட்டையாகவோ குஞ்சுப் புழுவாகவோ வரும். ஒன்றையொன்று தின்னும் குணம் உண்டு, அதனால் ஒரே இடத்தில் கொட்டாமல் இலைக்கு இலை பிரித்து வையுங்கள். கீழே மூன்று நாலு நாளில் பொரியும் முட்டை இங்கே ஒரு வாரம்கூட எடுத்துக்கொள்ளும். பொறுமையாக இருங்கள்.

இரை கொஞ்சமாவது இருக்கும் செடியில்தான் விட வேண்டும். ஒன்றும் இல்லாத செடியில் முன்னெச்சரிக்கையாக விட்டால் பட்டினியில் சாகும். அதேபோல் செடி முழுக்க வெள்ளையாக மூடியிருந்தாலும் வண்டால் சமாளிக்க முடியாது. முதலில் கழுவிக் குறைத்துவிட்டு, மிச்சத்துக்கு வண்டு.

எறும்பு செடியில் ஏறுகிறது. அதனால் என்ன?

நிறைய இருக்கிறது. தேன்கழிவுக்காக எறும்பு மாவுப்பூச்சியையும் அசுவினியையும் மேய்க்கிறது, பொறிவண்டின் முட்டையையும் புழுவையும் விரட்டுகிறது. எறும்பு இருக்கும்வரை நண்பர்களை விடுவதில் பயனில்லை. தொட்டியை ஒரு தட்டில் சின்னக் கல் வைத்து ஏற்றி, தட்டில் தண்ணீர் நிரப்புங்கள். இலை சுவரைத் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அது பாலமாகிவிடும்.

எங்கே கிடைக்கும்?

கோவையில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பூச்சியியல் துறையில் கேளுங்கள். ஊட்டியிலும் கொடைக்கானலிலும் அந்தப் பல்கலைக்கழகத்தின் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையங்கள் இருக்கின்றன, வழி சொல்வார்கள். பெங்களூரில் தேசிய வேளாண் பூச்சி வளங்கள் பணியகம் இதற்கென்றே இருக்கும் மத்திய அரசு நிறுவனம். எப்போதும் இருப்பு இருக்காது, போன் செய்துவிட்டுப் போங்கள். வாங்கி மலை ஏறும்போது வண்டியின் டேஷ்போர்டில் வைக்காதீர்கள். மேட்டுப்பாளையம் வெயிலிலேயே அவை வெந்துவிடும்.

வெளிநாட்டு இணையதளங்களில் ஆர்டர் செய்யாதீர்கள். உயிருள்ள பூச்சியை இறக்குமதி செய்ய அரசு அனுமதி தேவை. சட்டத்துக்காக மட்டும் சொல்லவில்லை. சோலைக் காடுகளுக்கு நடுவில் வாழ்கிறோம், தெரியாத உயிரை இங்கே திறந்துவிடக் கூடாது.

வாங்காமல் வேறு வழி உண்டா?

நான் இப்போது அதிகம் செய்வது இதைத்தான்: பூச்சியை வீட்டுக்குள் கொண்டுவராமல், செடியைப் பூச்சியிடம் கொண்டுபோகிறேன். ஏப்ரலில் அசுவினி பிடித்த தொட்டிகளைத் தோட்டத்து மர நிழலில் ஒரு வாரம் வைத்தால் பொறிவண்டும் மலர் ஈயும் தாமாகத் தேடி வரும். மலர் ஈ பார்க்கத் தேனீ போல இருக்கும், பூமேல் அந்தரத்தில் நிற்கும். அசுவினிக் கூட்டத்துக்கு நடுவில் முட்டையிடும். அதன் புழு கண்ணில்லாத சின்ன அட்டைபோல் ஊர்ந்து தின்னும். பக்கத்தில் ஒரு தொட்டி கொத்தமல்லியைப் பூக்கவிடுங்கள், வளர்ந்த ஈக்கும் கண்ணாடி இறக்கைப் பூச்சிக்கும் அதுதான் சாப்பாடு. குரங்கும் காட்டெருமையும் வரும் இடமாக இருந்தால் வேலிக்குள் வையுங்கள், ராத்திரி உள்ளே எடுத்துவிடுங்கள்.

இந்த நன்மை செய்யும் பூச்சிகளால் குழந்தைகளுக்கும் நாய் பூனைக்கும் ஆபத்தா?

இல்லை. ஒட்டுண்ணிக் குளவி கொசுவைவிடச் சின்னது, மனிதரைக் கொட்டாது. கண்ணாடி இறக்கைப் புழு எப்போதாவது தோலைச் சுருக்கென்று கடிக்கலாம், அவ்வளவுதான்.

மூடுபனிக் காலத்தில் தொட்டி மண்ணிலிருந்து சின்னக் கறுப்புக் கொசு கிளம்புகிறதே?

பூஞ்சைக் கொசு. கடிக்காது. அதன் புழு ஈர மண்ணில் பூஞ்சையைத் தின்று, நாற்றின் பிஞ்சு வேரையும் கடிக்கும். ஜூலையில் பத்து நாள் வெயில் இல்லாதபோதும் கோடையில் ஊற்றிய அளவே தண்ணீர் ஊற்றுவதால் வருவது இது. மேல்மண் ஒரு விரல்கட்டை ஆழம் காயும்வரை தண்ணீர் விடாதீர்கள், விட்டாலும் தட்டில் ஊற்றி அடியிலிருந்து உறிஞ்சவிடுங்கள். மண்மேல் ஒரு அங்குலம் மணல் பரப்பலாம்.

புழு இருக்கிறதா என்று பார்க்க நம் ஊட்டி உருளைக்கிழங்கே போதும். ஒரு துண்டு வெட்டி மண்மேல் கவிழ்த்து வைத்து இரண்டு நாள் கழித்துத் திருப்புங்கள். கண்ணாடிபோன்ற உடம்பும் கறுப்புத் தலையுமாக ஒட்டியிருக்கும். நிறைய இருந்தால் கொசுப் புழுவுக்குப் போடும் பி.டி.ஐ. என்ற நுண்ணுயிரியைத் தண்ணீரில் கலந்து வாரம் ஒருமுறை, மூன்று வாரம் மண்ணில் ஊற்றுங்கள். கம்பளிப்புழுவுக்கு விற்கும் சாதாரண பி.டி. இதற்கு உதவாது. கடையில் பெயரைச் சரிபார்த்து வாங்குங்கள்.

பூச்சியைத் தாக்கும் பெவேரியா, வெர்டிசிலியம் போன்ற பூஞ்சாணங்களைப் பயன்படுத்தலாமா?

வெளியில் வைத்துத் தெளிக்க முடிந்தால் பயன்படுத்தலாம். நம் மழைக்காலத்துக்கு இது பொருந்தும். கீழே இவை பலன் தராமல் போவதற்குக் காரணம் உலர்ந்த காற்று. இங்கே மூடுபனி நாட்களில் வீடே ஈரமாக இருக்கிறது. வெள்ளை ஈ, அசுவினி, செதில் பூச்சிக்கு வெர்டிசிலியம் லெக்கானி லிட்டருக்கு 5 கிராம், சாயங்காலத்தில். பொறிவண்டு விட்டிருக்கும் செடியில் பெவேரியா கூடாது, வண்டின் புழுவையும் அது தாக்கும். தூளைக் கலக்கும்போது முகக்கவசம் போடுங்கள். ஆஸ்துமா உள்ளவர்கள் இருக்கும் வீட்டில் இதைத் தவிர்த்துவிடுவேன்.

பூச்சி தின்னும் செடி வளர்த்தால் போதாதா?

பூஞ்சைக் கொசுவில் கொஞ்சம் பிடிக்கும், மாவுப்பூச்சிக்குப் பயனில்லை. நம் புல்வெளிகளில் தானாக வளரும் பனித்துளிச் செடி, அதாவது டிரோசெராவைத் தயவுசெய்து தோண்டி எடுக்காதீர்கள். வீட்டுக்குள் அது பிழைப்பதும் அரிது.

செடியை எப்போது கைவிடலாம்?

தொட்டியிலிருந்து உருவிப் பார்க்கும்போது வேரெல்லாம் வெள்ளை மாவு அப்பியிருந்தால், இரண்டு மாதம் போராடியும் மற்ற தொட்டிகளுக்குப் பரவிக்கொண்டே இருந்தால், விட்டுவிடுங்கள். பூச்சி இல்லாத நுனியாகப் பார்த்து ஒரு துண்டு வெட்டி, சோப்புத் தண்ணீரில் அலசிப் புது மண்ணில் ஊன்றுங்கள். தாய்ச் செடியை மண்ணோடு பையில் இறுகக் கட்டி ஒரு வாரம் வெயிலில் போட்டுவிட்டு அப்புறப்படுத்துங்கள். வேலிக்கு அந்தப் பக்கம் வீசினால் பக்கத்து டீத்தோட்டத்துக்குப் போகும். தொட்டியைக் கொதிநீர் ஊற்றித் தேய்த்துக் காயவைத்தால் மறுபடி பயன்படுத்தலாம். ஊன்றிய துண்டு துளிர்த்த பிறகும், புதுச் செடிக்குச் சொன்ன அதே மூன்று வாரம் தனி அறையில்தான் இருக்க வேண்டும்.